பனிக்குட நீரில் ஏ.எஃப்.பி. அளப்பது எப்படி? ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

குளிர்ப்பெட்டியில் ஒரு குழாய் வந்து சேர்கிறது. உள்ளே 10 மில்லி அளவுக்கு வெளிர் மஞ்சள் நிறத்தில் நீர். கூடவே ஒரு சீட்டு: கர்ப்பம் 17 வாரம், தாயின் ரத்தத்தில் ஏ.எஃப்.பி. (சிசு உருவாக்கும் ஒரு புரதம்) அதிகம், ஸ்கேனில் குழந்தையின் முதுகுப் பகுதி சரியாகத் தெரியவில்லை. பயோகெமிஸ்ட்ரி பிரிவில் சேர்ந்த புதிதில் இந்தக் குழாயைக் கையில் வாங்கும்போது கொஞ்சம் பயம் வரும். வரட்டும். ரத்த மாதிரி வீணானால் மறுநாள் இன்னொரு ஊசி போட்டு எடுத்துக்கொள்ளலாம். இது பனிக்குட நீர், அதாவது வயிற்றின் வழியாகக் கருப்பைக்குள் ஊசி செலுத்தி எடுத்த, சிசுவைச் சூழ்ந்திருக்கும் நீர். சிறிய அளவில் என்றாலும் கரு கலையும் ஆபத்தை ஏற்றுக்கொண்டுதான் அந்தப் பெண் இதைக் கொடுத்திருக்கிறார்.

கருவியை இயக்க இரண்டு நாளில் கற்றுக்கொண்டுவிடலாம். கருவி தரும் எண்ணை எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது என்பதற்குத்தான் காலம் பிடிக்கிறது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியது.

எதை அளக்கிறோம்

ஏ.எஃப்.பி. என்பது ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன். வயிற்றில் வளரும் சிசு தனக்காகச் செய்துகொள்ளும் புரதம். முதலில் கருவுணவுப் பையிலும், பிறகு சிசுவின் கல்லீரலிலும் உருவாகிறது. சிசுவின் ரத்தத்தில் இது ஏராளமாக இருக்கும். அதில் துளியளவு சிறுநீர் வழியாகப் பனிக்குட நீருக்கு வரும். அதைவிடக் குறைவான அளவு தாயின் ரத்தத்தில் சேரும். ஒரு மில்லிக்கு எவ்வளவு என்று பார்த்தால் சிசுவின் ரத்தத்தில் மில்லிகிராம் கணக்கு, பனிக்குட நீரில் மைக்ரோகிராம் கணக்கு, தாயின் ரத்தத்தில் நானோகிராம் கணக்கு. இந்த மூன்று படிகளையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சிக்கல்கள் பலவற்றுக்கும் விடை இதில்தான் இருக்கிறது.

கரு உருவாகி சுமார் நான்கு வாரத்துக்குள் அதன் நரம்புக்குழாய் மூடிக்கொள்ள வேண்டும். தலைப்பக்கம் மூடாவிட்டால் மண்டையோடும் மூளையும் முழுமையாக வளராது. முதுகுப்பக்கம் மூடாவிட்டால் தண்டுவடம் திறந்தே இருக்கும். ஸ்பைனா பைஃபிடா என்பது அதுதான். திறந்த இடத்தின் வழியே சிசுவின் உடல் நீர் கசிந்து பனிக்குடத்தில் கலக்கும்போது ஏ.எஃப்.பி. ஏறிவிடுகிறது. எடின்பரோவைச் சேர்ந்த டேவிட் பிராக், ரோஜர் சட்கிளிஃப் இருவரும் 1972இல் இதை வெளியிட்டார்கள். பிரிட்டனில் அந்தக் காலத்தில் இந்தக் குறைபாடு மிக அதிகம். அதனால் பல மையங்கள் சேர்ந்து பெரிய ஆய்வு ஒன்றை நடத்தின. தாயின் ரத்த அளவைப் பற்றிய அதன் அறிக்கை 1977இலும், பனிக்குட நீரைப் பற்றிய அறிக்கை 1979இலும் வந்தன. இன்று நாம் எல்லைக்கோடு வைக்கும் முறைக்கு அடித்தளம் போட்டவை அவை.

இப்போது நல்ல ஸ்கேன் கருவிகள் வந்துவிட்டதால் பெரும்பாலான குறைபாடுகள் ஸ்கேனிலேயே தெரிந்துவிடுகின்றன. ஆகவே இந்தச் சோதனைக்காக மட்டும் ஊசி போடுவது குறைந்துவிட்டது. குரோமோசோம் சோதனைக்காக எடுத்த நீரில் இதையும் பார்ப்பது, ஸ்கேன் உறுதியாகச் சொல்லாதபோது பார்ப்பது என்றுதான் மாதிரிகள் வரும். எண்ணிக்கை குறைவு என்பதால்தான் கவனம் கூடுதலாக வேண்டும். தினமும் நூறு செய்யும் சோதனையில் கை தானாகப் பழகிவிடும், மாதம் நான்கு செய்யும் சோதனையில் அப்படிப் பழகாது.

குழாய் கைக்கு வந்ததும்

கையுறை போடுங்கள். பனிக்குட நீரையும் ரத்தத்தைப் போலவே, தொற்று இருக்கக்கூடிய பொருளாக நினைத்துத்தான் கையாள வேண்டும்.

குழாயில் உள்ள பெயரும் எண்ணும் சீட்டில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இரட்டைக் கரு என்றால் எந்தக் குழாய் எந்தப் பையிலிருந்து எடுத்தது என்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் உடனே போன் செய்யுங்கள், ஊகிக்காதீர்கள். நீர் எடுத்த தேதி, கர்ப்ப வாரம், வாரத்தை எப்படிக் கணக்கிட்டார்கள் என்ற மூன்றும் சீட்டில் இருக்க வேண்டும்.

இந்தியாவில் இன்னொரு கடமையும் உண்டு. கருவுக்கு முன்னும் பேறுக்கு முன்னும் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற மையங்கள்தான் பனிக்குட நீரை எடுக்கலாம், சோதிக்கலாம். தாயின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். ஆய்வகமும் தன் பங்குக்குப் படிவம் நிரப்பிப் பதிவேடு வைக்க வேண்டும். அதே நீரில் குரோமோசோம் சோதனையும் நடந்தால் சிசுவின் பாலினம் ஆய்வகத்துக்குள் யாருக்காவது தெரிந்திருக்கும். அது எந்த வடிவத்திலும், பேச்சுவாக்கில்கூட, வெளியே போகக்கூடாது. உறவுக்காரர் ஒருவர் வந்து கெஞ்சிக் கேட்டாலும் இதில் தளர்வு காட்டாதீர்கள்.

அப்புறம் நீரின் நிறத்தைப் பார்த்து எழுதிவையுங்கள். தெளிந்த மஞ்சள் என்றால் நல்லது. இளஞ்சிவப்பு, சிவப்பு என்றால் புது ரத்தம். பழுப்பு, கரும்பச்சை என்றால் பெரும்பாலும் முன்பே கசிந்து பழையதாகிவிட்ட ரத்தம். சென்ட்ரிஃபியூஜில் போடுவதற்கு முன்பே எழுத வேண்டும். சுற்றி முடித்தபின் மேல்நீர் தெளிவாக இருப்பதைப் பார்த்து 'தெளிவு' என்று எழுதிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சுற்றிப் பிரிப்பது

குரோமோசோம் பிரிவுக்கும் இதே நீர் போக வேண்டும் என்றால் அவர்களிடம் முதலில் பேசிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு உயிருள்ள செல்கள் வேண்டும், நமக்கு மேலே நிற்கும் தெளிந்த நீர் போதும். கிருமி புகாத முறையில், மெதுவான வேகத்தில் 10 நிமிடம் சுற்றி, மேல்நீரை மட்டும் எடுத்துக்கொண்டு அடியில் படிந்ததை அவர்களிடம் கொடுத்துவிடலாம். ரத்தம் கலந்த மாதிரியாக இருந்தால் அடிப்படிவிலிருந்து ஒரு துளியாவது நமக்கும் வேண்டும்.

சுற்றாத நீரை ஒருபோதும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உறைந்து உருகும்போது செல்கள் உடைந்து உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். பிரித்த மேல்நீரை ஃப்ரிட்ஜில் சில நாள் வைக்கலாம், நீண்ட நாளைக்கு என்றால் மைனஸ் 20 டிகிரி. சிறு சிறு குழாய்களாகப் பிரித்து வையுங்கள். ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்கக்கூடாது.

ரத்தம் கலந்திருக்கிறதா, யாருடைய ரத்தம்?

மேலே சொன்ன மூன்று படிகளை இங்கே நினைத்துப் பாருங்கள். சிசுவின் ரத்தத்தில் உள்ள ஏ.எஃப்.பி. பனிக்குட நீரில் உள்ளதைவிட நூறு மடங்குக்கும் மேல். 10 மில்லி நீரில் சிசுவின் ரத்தம் சில துளிகள் கலந்தாலே அளவு இரண்டு மடங்காகிவிடும். குழந்தைக்கு எந்தக் குறையும் இருக்காது. ஊசி நஞ்சுக்கொடியை உரசிக்கொண்டு போயிருக்கும், அவ்வளவுதான். ஆனால் எண்ணை மட்டும் பார்க்கிறவருக்குத் தண்டுவடம் திறந்திருப்பதுபோலத் தோன்றும்.

தாயின் ரத்தம் கலந்தால் கதையே வேறு. அதில் ஏ.எஃப்.பி. மிகக் குறைவு என்பதால் அளவை ஏற்றாது. நிறைய கலந்தால் நீர்த்துப்போய்க் கொஞ்சம் குறையும். ஆகவே 'ரத்தம் கலந்தது' என்று எழுதினால் மட்டும் போதாது, யாருடையது என்று தெரிய வேண்டும்.

செல்கள் உடையாமல் இருந்தால் கிளெய்ஹவர் சோதனை செய்யலாம். அடிப்படிவை ஸ்லைடில் தேய்த்து, அமிலக் கரைசலில் வைத்துச் சாயம் ஏற்றினால், பெரியவர்களின் சிவப்பணுக்கள் ஹீமோகுளோபினை இழந்து வெறும் கூடாக வெளிறித் தெரியும். சிசுவின் அணுக்கள் அடர்ந்த இளஞ்சிவப்பாக நிற்கும். ஒரு எச்சரிக்கை: பீட்டா தலசீமியா தன்மை உள்ள பெண்களில் சிலருக்குத் தங்கள் சொந்த அணுக்களிலேயே சிசு ஹீமோகுளோபின் இருக்கும். நம் நாட்டில் அந்தத் தன்மை அரிதல்ல. வெளிர் கூடும் அடர்சிவப்புமாக இரண்டாகப் பிரியாமல் நடுத்தரச் சாயத்தில் நிறைய அணுக்கள் இருந்தால், அந்தப் பெண்ணின் ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். செல்கள் ஏற்கெனவே உடைந்து மேல்நீரே சிவந்திருந்தால் ஸ்லைடு பயன்படாது. மேல்நீரில் சிசு ஹீமோகுளோபின் இருக்கிறதா என்று எலக்ட்ரோஃபோரெசிஸில் (மின்சாரம் பாய்ச்சிப் புரதங்களைப் பிரிக்கும் முறை) பார்க்க வேண்டும்.

சிசுவின் ரத்தம்தான் என்று உறுதியானால் அந்த ஏ.எஃப்.பி. அளவை வைத்து முடிவு சொல்லக்கூடாது. ரிப்போர்ட்டில் அதை வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.

நீர்த்து அளப்பது

பெரும்பாலான கிட்டுகள் தாயின் ரத்தத்துக்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் அளவு எல்லை நானோகிராமில் இருக்கும், நம் நீரோ மைக்ரோகிராமில் இருக்கிறது. நேராக வைத்தால் கருவி 'எல்லைக்கு மேல்' என்று சொல்லும். அதனால் கிட்டோடு வரும் கரைசலில் 100 மடங்கு நீர்க்கிறோம்: 10 மைக்ரோலிட்டர் மாதிரி, 990 மைக்ரோலிட்டர் கரைசல். கருவி 142 நானோகிராம் என்று காட்டினால் 100ஆல் பெருக்கி 14,200. அதாவது மில்லிக்கு 14.2 மைக்ரோகிராம். சில கிட்டுகள் சர்வதேச அலகில் காட்டும். அதில் 1 அலகு 1.21 நானோகிராம். ரிப்போர்ட்டில் அலகைக் குழப்பினால் மருத்துவர் தப்பாகப் புரிந்துகொள்வார்.

10 மைக்ரோலிட்டர் என்பது மிகச் சிறிய அளவு. பிப்பெட் நுனியின் வெளிப்புறத்தில் ஒட்டிய துளியே உங்கள் எண்ணை மாற்றிவிடும். நுனியைத் துடையுங்கள், கரைசலில் இரண்டு முறை அலசுங்கள், குழாயை மூடி மெதுவாகப் பலமுறை கவிழ்த்துக் கலக்குங்கள். ஒவ்வொரு மாதிரியையும் தனித்தனியாக இரண்டு முறை நீர்த்து அளக்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நீர்த்ததையே இரண்டு முறை கருவியில் ஓட்டினால், நீர்ப்பில் நேர்ந்த பிழை அப்படியே மறைந்துவிடும்.

இன்னொரு நீர்ப்பும் தேவை: 1000 மடங்கு. ஏன் என்று கேட்பீர்கள். இந்தக் கிட்டுகளில் புரதத்தை இரண்டு ஆன்டிபாடிகள் இருபுறமும் பிடித்துக்கொள்ளும். புரதம் அளவுக்கு மீறி இருந்தால் இரண்டு ஆன்டிபாடிகளும் வெவ்வேறு மூலக்கூறுகளைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று சேராமல் போய்விடும். அப்போது கருவி குறைவான எண்ணைக் காட்டும். ஹுக் எஃபெக்ட் என்பது இதைத்தான். மண்டையோடு வளராத சிசுவின் பனிக்குட நீரில் ஏ.எஃப்.பி. மிக மிக அதிகமாக இருக்கும். இந்தக் கோளாறு வந்து சேரும் இடமும் அதுவே. 100 மடங்கும் 1000 மடங்கும் கணக்குப் போட்டபின் ஏறக்குறைய ஒரே விடை தந்தால் நிம்மதி. 1000 மடங்கு நீர்ப்பின் விடை மிக உயர்ந்திருந்தால் அதை நம்பி, மேலும் நீர்த்துப் பாருங்கள்.

விடை கிட்டத்தட்ட பூஜ்யம் என்று வந்தால்? ஹுக் எஃபெக்ட் இல்லை என்று உறுதியானபின் அது பனிக்குட நீர்தானா என்று சந்தேகப்படுங்கள். ஊசி சிறுநீர்ப் பைக்குள் போய்த் தாயின் சிறுநீரே வந்திருக்கலாம். ஒரு டிப்ஸ்டிக் (நனைத்து நிறம் பார்க்கும் பட்டை) போதும்: பனிக்குட நீரில் புரதமும் குளுக்கோஸும் தெரியும், ஆரோக்கியமான தாயின் சிறுநீரில் பெரும்பாலும் இரண்டும் தெரியாது.

ஒவ்வொரு தடவையும் குறைந்தது இரண்டு கன்ட்ரோல்களை, அதாவது அளவு முன்பே தெரிந்த மாதிரிகளை, சேர்த்து ஓட்டுங்கள். ரத்த சீரத்தில் செய்த கன்ட்ரோல் மட்டும் போதாது. பழைய பனிக்குட நீர்களைச் சேர்த்து, சிறு குழாய்களில் உறையவைத்து உங்களுக்கென்று ஒரு கன்ட்ரோல் செய்துகொண்டால், அதையும் 100 மடங்கு நீர்த்தே ஓட்டலாம். நீர்க்கும் கை சரியாக இருக்கிறதா என்பதையும் அது காட்டிக்கொடுக்கும். கன்ட்ரோல் மூன்று திட்ட விலக்கத்தைத் தாண்டினாலோ, அடுத்தடுத்து இருமுறை ஒரே பக்கம் இரண்டைத் தாண்டினாலோ அன்றைய முடிவுகளை நிறுத்திவையுங்கள்.

வாரமும் மீடியனும்

14.2 மைக்ரோகிராம் என்பது அதிகமா குறைவா? வாரம் தெரியாமல் சொல்லவே முடியாது. அந்தந்த வாரத்தில் நலமான கர்ப்பங்களின் நடு அளவு, அதாவது மீடியன், எவ்வளவோ அதன் எத்தனை மடங்கு இது என்று கணக்கிடுகிறோம். ஆய்வகங்களில் இதை 'மாம்' என்பார்கள். பனிக்குட நீரில் 2.0 அல்லது 2.5 மாம் என்பதை எல்லையாக வைப்பது வழக்கம்.

தாயின் ரத்தத்தில் ஏ.எஃப்.பி. அளந்து பழகியவர்கள் இடறி விழும் இடம் இது. 15 முதல் 20 வாரத்துக்குள் தாயின் ரத்தத்தில் ஏ.எஃப்.பி. வாரத்துக்கு வாரம் ஏறும். பனிக்குட நீரில் அதே காலத்தில் வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கும் மேல் இறங்கும். ஆகவே வாரக் கணக்கு தப்பினால் இரண்டிலும் பிழை எதிரெதிர்த் திசையில் போகும்.

ஓர் உதாரணம். 16ஆம் வாரத்து மீடியன் 15 என்றும், வாரத்துக்கு 13 சதவீதம் இறங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 19ஆம் வாரத்தில் அது 9.9 ஆகிவிடும். (இவை விளக்கத்துக்கான எண்கள், உங்கள் ஆய்வக மீடியனைத்தான் பயன்படுத்த வேண்டும்.) நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு மாதிரியில் 22 வந்தது. சீட்டில் 19 வாரம் என்று எழுதியிருந்தது. கணக்குப் போட்டால் 2.2 மாம், எல்லைக்கு மேல். ரிப்போர்ட் தட்டச்சு செய்ய உட்கார்ந்தபோது எங்கள் மேற்பார்வையாளர் அம்மா, "வாரம் எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்டாயா?" என்றார். போன் செய்தேன். கடைசி மாதவிடாய்த் தேதியை வைத்து எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு மாதவிடாய் ஒழுங்காக வருவதில்லையாம். முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன்படி 16 வாரம்தான். 22ஐ 15ஆல் வகுத்தால் 1.47. எந்தப் பிரச்சினையும் இல்லை. அந்தப் போன் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

இதையே தலைகீழாக யோசித்துப் பாருங்கள். உண்மையில் 19 வாரமாக இருந்து, சீட்டில் 16 என்று எழுதியிருந்தால் 2.2 இருக்க வேண்டிய இடத்தில் 1.47 வந்திருக்கும். நாமும் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டிருப்போம். இரண்டில் எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். ஸ்பைனா பைஃபிடா உள்ள சிசுவின் தலை அந்த மாதங்களில் சற்றுச் சிறியதாக இருப்பதுண்டு. தலையின் அகலத்தை வைத்து வாரம் கணித்தால் உண்மையைவிடக் குறைவாக வரும். பனிக்குட நீரில் அது குறைபாட்டை மறைக்கும் திசையில் தள்ளும். அதனால், முதல் மூன்று மாதத்தில் தலை முதல் பிட்டம் வரை அளந்து கணித்த வாரம் இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள்.

மீடியன்களைக் கிட் கம்பெனியின் கையேட்டிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கருவி, உங்கள் நீர்ப்பு முறை இவற்றில் அளந்த, பிரச்சினையில்லாத கர்ப்பங்களின் முடிவுகளைச் சேர்த்துச் சொந்த மீடியன் போடுங்கள். கிட் மாறினால் திரும்பவும் சரிபாருங்கள்.

இரண்டாவது சோதனை: அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ்

மாம் எல்லையைத் தாண்டினால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. ஏ.எஃப்.பி. ஏறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு: குடல் வயிற்றுக்கு வெளியே வந்திருப்பது, சிசு இறந்துபோயிருப்பது, ஃபின்லாந்தில் அதிகம் காணப்படும் பிறவிச் சிறுநீரக நோய். நரம்புத் திசுதான் திறந்திருக்கிறதா என்று கேட்க, நரம்பிலிருந்து வரும் ஒரு நொதியைத் தேடுகிறோம். அதுதான் அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ்.

பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் மாதிரியை ஓட்டி, அசிட்டைல்தயோகோலின் கரைசலில் ஊறவைத்தால், நொதி இருக்கும் இடத்தில் வீழ்படிவு சேர்ந்து கோடாகத் தெரியும். எல்லாப் பனிக்குட நீரிலும் மெதுவாக நகர்ந்து மேலே நிற்கும் ஒரு கோடு உண்டு. அது பொதுவான கோலின் எஸ்டரேஸ், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். அதற்குக் கீழே, வேகமாக ஓடிய இரண்டாவது கோடு தெரிந்தால்தான் கேள்வி. ஒவ்வொரு மாதிரிக்கும் இன்னொரு தடத்தையும் வைத்து, அதில் பி.டபிள்யூ.284சி51 என்ற தடுப்பானைச் சேருங்கள். அது அசிட்டைல்கோலின் எஸ்டரேஸை மட்டும் அடக்கும். தடுப்பான் உள்ள தடத்தில் அந்த இரண்டாவது கோடு மறைந்தால் அது உண்மையானது. தடுப்பான் நம் உடலிலும் அதே நொதியை அடக்கக்கூடிய நஞ்சு என்பதை மறக்காமல், தூளாக எடை போடும்போது முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஜெல்லிலும் ஸ்பைனா பைஃபிடா என்று உறுதியான ஒரு பழைய மாதிரியும், நலமான ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். மங்கலான கோடுகளைத் தனியாகப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு பேர் ஒருவருக்கொருவர் சொல்லாமல் படித்து, பிறகு ஒப்பிடுங்கள். வயிற்றுச் சுவர்க் குறைபாட்டிலும் மங்கலாகக் கோடு வரும். சிசுவின் ரத்தம் கலந்தாலும் வரும். 15 வாரத்துக்கு முன் எடுத்த நீரில் எந்தக் குறையும் இல்லாமலே வருவதுண்டு. இரட்டையரில் பாதிக்கப்பட்ட சிசுவின் பையிலிருந்து அடுத்த பைக்கும் நொதி கசியலாம். பிறவிச் சிறுநீரக நோயில் இதற்கு நேர்மாறு: ஏ.எஃப்.பி. மிக உயரத்தில் இருக்கும், கோடு இருக்காது.

ரிப்போர்ட்

அளவு, அலகு, வாரம், வாரம் கணித்த முறை, மாம், நீரின் நிறம், ரத்தம் பற்றிய முடிவு, ஜெல் முடிவு. இவை எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். முடிவு சாதாரணமாக இருந்தாலும் 'குழந்தை நலம்' என்று எழுதாதீர்கள். தோல் மூடிய ஸ்பைனா பைஃபிடாவில் எதுவும் கசியாது. அதை இந்தச் சோதனை காட்டாது என்ற வரி ரிப்போர்ட்டில் நிரந்தரமாக இருக்க வேண்டும். முடிவு அசாதாரணமாக இருந்தால் தாள் போய்ச் சேரும்வரை காத்திருக்காமல், மருத்துவரிடம் நேரில் பேசுங்கள். கர்ப்பம் 19, 20 வாரம் என்னும்போது அந்தக் குடும்பத்துக்கு ஒவ்வொரு நாளும் முக்கியம். ஸ்கேனைத் திரும்பப் பார்க்கவும், கலந்து பேசவும், சட்டம் அனுமதிக்கும் காலத்துக்குள் முடிவெடுக்கவும் அவர்களுக்கு நேரம் வேண்டும். போனில் தாயிடமோ உறவினரிடமோ நேரடியாக முடிவைச் சொல்லாதீர்கள். அதைச் சொல்ல வேண்டியவர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடிய மருத்துவர்.

மீந்த மேல்நீரைப் பெயர், தேதி, எண் ஒட்டி மைனஸ் 20இல் வையுங்கள். பிரசவத் தேதியைப் பதிவேட்டின் ஓரத்தில் குறித்து, அந்த மாதம் வந்ததும் மருத்துவமனைக்கு ஒரு போன் செய்து குழந்தை எப்படிப் பிறந்தது என்று கேட்டு, அதே வரியில் எழுதிவையுங்கள்.